எழுதிக் கொடுத்த பேச்சும் இரவல் துணிச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்மொழித்தினப் போட்டிக் காலம் வந்தால் பாடசாலைகளில் ஒரு வழமை உண்டு. ஆசிரியர் பேச்சை எழுதிக் கொடுப்பார். பிள்ளை ஒரு வாரத்தில் அதைப் பாடமாக்கும். கை எங்கே உயர வேண்டும், குரல் எங்கே தழுதழுக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கும். மேடையில் முழங்கிவிட்டு இறங்கிய பிள்ளையிடம் "நீ சொன்ன விழுமியம் எண்டா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், முழிக்கும். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பிள்ளைக்குள் ஒன்று பதிந்துவிடுகிறது: என்னுடைய சொல் சபைக்கு ஆகாது. பிற்காலத்தில் நேர்முகப் பரீட்சைக்கு வரும்போதும் அதே பிள்ளை வேறு யாரோ எழுதிய "என்னைப் பற்றி" விடையைப் பாடமாக்கிக்கொண்டுதான் வருகிறது. திருகோணமலையில் பேச்சுப் பயிற்சியும் நேர்முகப் பரீட்சைக்கான வழிகாட்டலும் செய்பவர்கள் என்ற முறையில், இதைச் சரிசெய்யும் வழிகள் சிலவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எழுதுகிறோம்.

இன்று இதற்கு மருந்தாகத் தரப்படுவது தன்னம்பிக்கைக் கருத்தரங்கு. மண்டபம், ஒலிபெருக்கி, இரண்டு மணித்தியாலம், "உன்னால் முடியும்!" உளவியலாளர் அல்பேர்ட் பந்துரா 1977இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், தன்னால் ஒன்றைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு இடங்களிலிருந்து வருவதாகச் சொன்னார்: தானே செய்து முடித்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்யக் கண்டது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பு அப்போது இருக்கும் நிலை. முதலாவதுக்குத்தான் வலு அதிகம். பிறர் சொல்லித் தரும் ஊக்கம் ஒரு தோல்வியைக் கண்டவுடன் கரைந்துவிடும். நாம் பணத்தையும் மண்டபத்தையும் அந்த வலுக்குறைந்த ஊற்றுக்கே செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

சந்தேகம் தீர்ந்த பிறகு மேடையேறலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. போலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல், பட்டமும் பாராட்டும் பெற்ற பெண்கள் பலர் "நான் உண்மையில் கெட்டிக்காரி இல்லை, ஒருநாள் பிடிபட்டுவிடுவேன்" என்று உள்ளுக்குள் அஞ்சுவதை விவரித்தார்கள். சாதித்தவர்களையும் சந்தேகம் விடுவதில்லை. ஆகவே அதை விரட்டப் பாடுபடுவதைவிட, பிரித்துப் பார்ப்பது பயன்தரும்.

ஒரு கொப்பித் தாளை எடுத்து நடுவில் கோடு கீறுங்கள். இடப்பக்கத்தில் விடை தேடக்கூடிய சந்தேகங்கள்: "சிங்களத்தில் கேட்டால் என்ன செய்வது?", "அந்தத் திணைக்களம் என்ன வேலை செய்கிறது?", "ஐந்து நிமிடத்துக்குள் முடியுமா?" வலப்பக்கத்தில் விடையே இல்லாதவை: "சிரிப்பார்களோ?", "என் உடுப்பைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" இடப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்யவேண்டிய ஒரு வேலையை எழுத வேண்டும். பாதிச் சந்தேகம் அந்த வேலையோடு தீரும். வலப்பக்கத்துக்கு ஒரு தகவல் மட்டும் போதும். அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச் குழுவினர் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கூச்சம் தரும் படம் போட்ட ரீசேர்ட்டோடு ஒரு மாணவரை மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்கு அளவுதான். இந்தத் தாளைப் பின்னேரத்தில் எழுதுங்கள். இரவு படுக்கையில் எழுதினால் வலப்பக்கம் மட்டும் நிரம்பும்.

அடுத்தது கைபேசி ஒலிப்பதிவு. தெரிந்த விடயம் ஒன்றை, எழுதி வைக்காமல், 2 நிமிடம் கதைத்துப் பதிவு செய்யுங்கள். கீரிமீன் கருவாடு போடுவது, கன்னியாவுக்குப் பஸ் எடுப்பது, எதுவானாலும் சரி. உடனே கேட்க வேண்டாம், மறுநாள் கேளுங்கள். முதல்தரம் கேட்கும் அநேகமானோர் "ஐயோ, இது என்ர குரலா?" என்று அணைத்துவிடுவார்கள். காரணம் எளிது. நம் குரல் காற்றின் வழியாக மட்டும் நமக்கு வருவதில்லை, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் வருகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நமக்கு நம் குரல் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தப் பங்கு இல்லை. ஊரார் எப்போதும் கேட்டுவந்தது பதிவில் உள்ள குரலைத்தான். அதோடுதான் அவர்கள் நம்மோடு பழகியிருக்கிறார்கள்.

கேட்கும்போது குரல் நல்லதா கெட்டதா என்று பார்க்காதீர்கள். எண்ணுங்கள். "வந்து", "அதாவது", "என்னெண்டா" எத்தனை தரம்? வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்காமல் போன இடம் எத்தனை? இரண்டாவது கேள்விதான் முக்கியம். தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. "இந்த வேலையைத் தனியாகச் செய்ய" என்பது வரைக்கும் எல்லாருக்கும் ஒன்றுதான். "முடியும்" என்பதும் "முடியாது" என்பதும் அதற்குப் பிறகே வரும். பதற்றத்தில் மூச்சு தீர்வதும் சரியாக அந்த இடத்திலேதான். எதிரே இருப்பவருக்கு நீங்கள் செய்வீர்களா மாட்டீர்களா என்பது கேட்பதில்லை. "இவருக்குத் தன்னில் நம்பிக்கை இல்லை" என்று குறித்துக்கொள்வார். உண்மையில் குறைந்தது மூச்சு. "படிச்சிட்டு, பிறகு பயிற்சிக்குப் போய், அங்க ஆறு மாசம் நிண்டு, வந்து..." என்று எச்சங்களால் கோத்துக்கொண்டே போகாமல், இரண்டு எச்சத்துக்கு மேல் வந்தால் முற்றுவினை போட்டு நிறுத்துங்கள். அந்த இடத்தில் மூச்சு எடுங்கள். ஒரு வாரம், நாளொன்றுக்கு ஒரு பதிவு என்று செய்தால் விழுங்கும் இடங்கள் குறைவதை எண்ணிக்கையிலேயே காணலாம். பந்துரா சொன்ன முதலாவது ஊற்று இப்படித்தான் சுரக்கிறது.

இனி, "நான் நானாக இருக்க வேண்டும்" என்பதில் உள்ள குழப்பம். உப்புவெளிக் கரையில் கதைக்கும் தமிழும், கிண்ணியாச் சந்தையில் கதைக்கும் தமிழும், மாகாண சபை அலுவலகத்தில் எழுதும் தமிழும் ஒன்றல்ல. இடத்துக்கு ஏற்ப நடையை மாற்றுவது போலித்தனம் ஆகாது. கோயிலுக்குப் போகும்போது உடுப்பு மாற்றுகிறோம், ஆள் மாறுவதில்லை. குறளிலும் சபையை அறிவதுதான் முதலில் வருகிறது: அவை அறிதல் 72ஆம் அதிகாரம், அவை அஞ்சாமை அதற்கு அடுத்தது. லகர ளகர ழகரத்தைத் திருத்திக்கொள்வதாலும் யாருடைய அடையாளமும் போய்விடாது. போலி எங்கே தொடங்குகிறது என்றால், தனக்கே விளங்காத சொல்லை எடுத்து வைக்கும்போது. சோதனை இதுதான்: அந்த வாக்கியத்தை வீட்டில் உள்ள தங்கச்சிக்கு வேறு சொற்களில் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அறிவிப்பாளராக விரும்பும் இளையோர் பலர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி ஓசையைப் பிடிக்கிறார்கள். முதல் மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்கும். மின்சாரம் போனாலோ, பிரதம விருந்தினர் பிந்தினாலோ ஊர்ப்பேச்சு வெளியே வந்துவிடும். சபை சிரிப்பது ஊர்ப்பேச்சைக் கேட்டல்ல, இரண்டுக்கும் நடுவில் தெரியும் தையலைக் கண்டு. தொடக்கத்திலேயே தன் ஓசையில், கொஞ்சம் நிறுத்தி, கடைசிச் சொல்லை விழுங்காமல் சொல்லியிருந்தால் அந்தத் தையலே இருந்திருக்காது.

பாடமாக்குவதிலும் அளவு வேண்டும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் பாடமாக்குங்கள். நடுவுக்கு உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து சொற்கள், வாக்கியம் வேண்டாம். முழுப் பேச்சையும் பாடமாக்கினால் ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குக் கொக்கி. ஒரு கொக்கி கழன்றால் மிச்சம் முழுவதும் விழுந்துவிடும். பிள்ளை மறுபடி "அவையோர்களே" என்று முதலில் இருந்து தொடங்குவது அதனால்தான்.

நேர்முகப் பரீட்சையில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் 90 விநாடி போதும். அங்கே இரண்டு பிழைகள் நடக்கின்றன. ஒன்று, "பெரிசா ஒண்டும் இல்லை சேர்." மற்றது, "எந்த வேலை தந்தாலும் செய்வன்." முதலாவது அடக்கம் போலவும் இரண்டாவது துணிச்சல் போலவும் தெரிந்தாலும், இரண்டிலும் ஆளைக் காணவில்லை. செய்தது, அளவு, எல்லை என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "கடை ஒன்றில் 2 வருடம் கணக்கு எழுதினேன். நாளொன்றுக்கு 60 பில் வரை பதிவேன். எக்செலில் கூட்டவும் வடிகட்டவும் தெரியும், பிவோட் அட்டவணை இன்னும் பழகவில்லை." கடைசித் துண்டைச் சொல்லத்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள். தன் எல்லையைத் தானே சொல்லும் ஒருவருடைய மற்ற இரண்டு வாக்கியத்தையும் நம்பலாம் என்று கேட்பவருக்குத் தோன்றும். திருகோணமலையில் நேர்முகக் குழுவில் சிங்களம் பேசுபவர் இருப்பது வழமை. "மட்ட சிங்ஹல டிக்கக் புளுவன்" (எனக்குச் சிங்களம் கொஞ்சம் முடியும்) என்று நேராகச் சொல்லிவிட்டு, பெயர், ஊர், படிப்பு, அனுபவம் பற்றி ஆறு வாக்கியம் ஆயத்தமாக வைத்திருங்கள். விளங்கியதுபோல் தலையாட்டுவது அடுத்த கேள்வியில் பிடிபடும்.

பயிற்சியைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். தனியே கைபேசியோடு ஒரு வாரம். பிறகு, குறுக்குக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு சிநேகிதர் முன்னால் மூன்று தரம். பிறகு நாலைந்து பேர். அதற்குப் பிறகு சனசமூக நிலையக் கூட்டத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ எழுந்து ஒரே ஒரு கேள்வி. படியைத் தாண்டி நேரே ஐந்நூறு பேருக்கு முன் நின்றவர் தடுமாறினால் "எனக்கு இது வராது" என்று முடிவுகட்டிவிடுவார். மறுபக்கத்தில், கைபேசியோடேயே ஆறு மாதம் நிற்பவரும் உண்டு. பெரிதாகப் பதறாமல் ஒரு படியை மூன்று தரம் செய்தால் அடுத்ததுக்குப் போகவேண்டியதுதான்.

மேடையில் உடம்புக்கு: ஏறுமுன் நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து தரம். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணியும். ஐஸ் தண்ணீரும் சோடாவும் வேண்டாம். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு கைப்பிடி தூரம்.

கேட்டவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பார், அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. "எந்த இடத்தில விளங்கேல்ல?" என்று கேளுங்கள். ஒரு தரத்துக்கு ஒரு திருத்தம் மட்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: "நீ கெட்டிக்காரன்" என்பதைவிட "அந்த வலை உதாரணம் சொன்னாய், அது விளங்கிச்சு" என்பது பிள்ளைக்குப் பிடிமானம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

பயிற்சியால் தீராத ஒன்றும் உண்டு. தன்னைப் பற்றிய தாழ்வெண்ணத்தோடு நித்திரையும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குழம்பியிருந்தால், அல்லது வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால், அது மேடைக் கூச்சம் அல்ல. நாட்களை எண்ணிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இறுதியாக, போட்டி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். ஆயத்தப் பேச்சு முடிந்தவுடன் நடுவர் அந்தப் பேச்சிலிருந்தே ஒரு கேள்வி கேட்கட்டும். பிள்ளை தன் சொந்தச் சொல்லில் ஒரு நிமிடம் விடை சொல்லட்டும். புள்ளியில் கால்வாசியை அதற்கு ஒதுக்குங்கள். எழுதிக் கொடுக்கும் வழக்கம் அந்த வருடமே குறையத் தொடங்கும், ஏனென்றால் விளங்காத பேச்சைக் கொண்டுவந்த பிள்ளை புள்ளியை இழக்கும். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 20 பிள்ளைகளுக்கு 40 நிமிடம். வரவேற்புரையையும் பொன்னாடைகளையும் கொஞ்சம் சுருக்கினால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
பேச்சுப் பயிற்சியாளர்கள் சிலர்,
திருகோணமலை.