பச்சை மூடிக் குழாயில் ரத்தம் அனுப்பாதீர்கள்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர்களுக்கு, வணக்கம்.

நோய்க்கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் புதிய பி.சி.ஆர். இயந்திரம் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. நாங்கள் கேட்பது அதைவிட மலிவு: ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் சரியான மாதிரிக் குழாய்கள், எதை எப்போது எடுப்பது என்று சொல்லும் ஒரு பக்கத் தாள். வழியிலேயே கெட்டுப்போன மாதிரியை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது.

ரத்தம் என்றால், உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடிக் குழாயில் 3 மி.லி. போதும். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்; குலுக்கக் கூடாது. பச்சை மூடிக் குழாயில் இருப்பது ஹெப்பாரின் என்ற வேறொரு உறைவுத்தடுப்பி. டி.என்.ஏ.வைப் பெருக்கும் நொதியை அது முடக்கிவிடும். நோய் இருந்தும் 'இல்லை' என்றே முடிவு வரும். மரக்குச்சிப் பஞ்சிலும் இதே வம்பு உண்டு. பிளாஸ்டிக் தண்டில் பாலியெஸ்டர் நுனி உள்ளதை வாங்குங்கள்.

அதிகம் வீணாவது கோமாரி மாதிரிதான். அது ஆர்.என்.ஏ. வைரஸ், அமிலம் பட்டால் தாங்காது, பி.எச். 6.5-க்குக் கீழே போனால் விரைவில் அழியும். நாக்கிலோ ஈற்றிலோ குளம்பிடுக்கிலோ கொப்புளம் உடையாத, அல்லது அப்போதுதான் உடைந்த இடத்துத் தோல் 1 கிராம் வேண்டும். கிளிசராலும் பாஸ்பேட் தாங்கல் கரைசலும் சம அளவில் கலந்து, பி.எச். 7.2 முதல் 7.6-க்குள் வைத்த திரவத்தில் அதைப் போடுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் வாயைக் கழுவுவது அதற்குப் பிறகு. ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். அது நுண்ணோக்கியில் திசு பார்ப்பதற்கானது. ஓ, ஏ, ஆசியா-1 என்ற வகைகளுள் எது என்று பிரித்தறியவும் நல்ல தோல் மாதிரிதான் கைகொடுக்கும்.

இந்தியாவில் 2019-இல் ஒடிசாவில் முதலில் பதிவான தோல் கழலை நோய் டி.என்.ஏ. வைரஸால் வருவது, இவ்வளவு நோஞ்சான் இல்லை. காய்ந்த பக்கிலும் வாரக்கணக்கில் கிடைக்கும். ஆனால் மஞ்சளும் வேப்பிலையும் எண்ணெயும் குழைத்துப் பூசிய கழலைதான் பெரும்பாலும் நம் கைக்கு வரும். (பூசியவர்களைக் குறை சொல்லவில்லை, மாட்டுக்கு அது இதம்.) அந்தப் பூச்சு சோதனையைத் தடுக்கக்கூடும் என்பதால், உப்புக்கரைசலில் நன்றாகக் கழுவிவிட்டுப் பக்கை எடுக்க வேண்டும். இந்நோய்க்குக் காப்பாக வெள்ளாட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தால் அந்தத் தேதியைப் படிவத்தில் எழுதாமல் விடாதீர்கள்: இந்த அம்மை வைரஸ் இனத்துக்கான பொதுவான கேப்ரிபாக்ஸ் சோதனை, தடுப்பூசி வைரஸையும் களத்து வைரஸையும் பிரித்துக் காட்டாது.

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகம் வந்தால் சடலத்தை அறுக்கவே கூடாது. காது ரத்தநாளத்திலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவினால் போதும்.

மூன்றடுக்குப் பொதியில், ஐஸ் ஜெல் கட்டிகளோடு, 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் அன்றே அனுப்புங்கள். உறைந்து உருகி மறுபடி உறைந்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தில் ஏற்றும் பெட்டி திங்கள்கிழமை வரை யாரும் திறக்காமல் கிடக்கும். அனுப்புமுன் ஆய்வகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள்.

கடைசியாக, முடிவுத்தாள். மாட்டின் சொந்த மரபணு ஒன்றையும், எடுத்துக்காட்டாக பீட்டா-ஆக்டினை, சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள். அதுவும் பெருகாவிட்டால் 'நெகட்டிவ்' என்று எழுதக் கூடாது. 'மாதிரி தகுதியற்றது, மீண்டும் அனுப்பவும்' என்று எழுத வேண்டும். மாட்டுச் சந்தையைத் திறப்பதா மூடுவதா என்று நீங்கள் முடிவெடுப்பது அந்தத் தாளை வைத்துத்தானே?

இப்படிக்கு,
கால்நடை நோயறிதல் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்