ரவுட்டர் பெட்டியில ஒரு வரி

மல்லாவி,
மாசி மாதம்.

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். காலபோக நெல்லு வெட்டி முடிஞ்சுது. வவுனிக்குளத்தில தண்ணி நிக்குது, சிறுபோகத்துக்குக் காணும் எண்டு நினைக்கிறம். உன்ர முழங்கால் நோ எப்பிடி எண்டு அம்மா கேக்கச் சொன்னவ.

பழைய கொம்பியூட்டர் ஒண்டில வைஃபை கார்ட்டைப் பூட்டி, டெபியன் எண்ட லினக்ஸ் போட்டு ரவுட்டர் செய்தனான் எண்டு சொன்னனெல்லே. சிம்மில வாற இன்ரநெற் இஞ்ச மெதுதான், அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது. ஆனா சாதாரண தரப் பாட வீடியோக்கள் அந்தப் பெட்டியின்ர ஹார்ட் டிஸ்கிலயே கிடக்கு. பின்னேரத்தில அயல் பிள்ளையள் ஏழெட்டுப் பேர் விறாந்தையில வந்திருந்து இறக்கிக்கொண்டு போவினம். அவையின்ர டேட்டாவில ஒரு சதம் போகாது. அதாலதான் வீட்டு வைஃபையின்ர வேகம் எனக்குப் பெரிய விசயம். அது செக்கனுக்கு 54 மெகாபிட்டுக்கு மேல ஏறவே இல்லை. 54 எண்டு காட்டினாலும் கைக்கு வாறது 20 அளவுதான். 700 மெகாபைட் பாடம் ஒண்டு இறங்க அஞ்சு நிமிசம், அதுவும் ஒரு பிள்ளை தனிய எடுத்தா.

கார்ட் '802.11என்' எண்ட வைஃபை தரம், ரெண்டு அன்ரனா. 300 வரை போகவேணும். முதல்ல, செற்றிங் கோப்பில 'மோட் ஜி' எண்டு, 54இல நிக்கிற பழைய தரத்தின்ர பேர் கிடந்ததைத்தான் சந்தேகப்பட்டன். அது பிழையில்லை. பெட்டியை வைஃபை நிலையமாக்கிற ஹொஸ்ட்ஏபிடி எண்ட மென்பொருளில ஜி எண்டா 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை எண்டு கருத்து. 'என்' மோட்டை வேற வரியில திறக்கவேணும். அதுவும் திறந்துதான் இருந்தது. ரெண்டு இரவு நித்திரை இல்லை. கடைசியா சேர்விசை நிப்பாட்டி, கையால ஓடவிட்டு, வாற செய்தியளை ஒவ்வொண்டா வாசிச்சன். சி.சி.எம்.பி எண்ட பூட்டு (சிக்னலை மறைக்கிற குறியாக்க முறை) இல்லாதபடியால் 'என்' மோட்டை நிப்பாட்டுறன் எண்டு ஒவ்வொருமுறையும் அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கு!

பழைய பெட்டியில இருந்து கொப்பி பண்ணின அந்தக் கோப்பில இருந்த பூட்டு டி.கே.ஐ.பி எண்ட பழசு. அது, டபிள்யூஇபி எண்ட முதல் வைஃபை பூட்டு உடைஞ்ச பிறகு, பழைய கார்ட்டுகளிலயும் ஓடட்டும் எண்டு 2003இல அவசரத்துக்குக் கொண்டுவந்தது. 2009இல 'என்' தரம் வரேக்க, இந்தப் பலவீனமான பூட்டோட வேக மோட் ஓடக்கூடாது எண்டு விதி வைச்சிட்டினம். நான் டபிள்யூபிஏ2 எண்ட பாதுகாப்பு முறை, சி.சி.எம்.பி பூட்டு எண்டு மாத்தி, 'என்' மோட்டுக்கு வேண்டிய டபிள்யூஎம்எம் வரியையும் திறந்தன். பாதுகாப்பைக் கூட்டினா வேகம் குறையும் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன், மச்சான். இஞ்ச ரெண்டும் ஒண்டாக் கூடினது.

பிறகு, வேகம் கூட எண்டு சனலின்ர அகலத்தை 20இல இருந்து 40 மெகாஹேர்ட்ஸ் ஆக்கினன். ஸ்காபரோவில உன்ர மாடிவீட்டில இது சரிவராது. பக்கத்து வீட்டு வைஃபையளைக் கண்டா ஹொஸ்ட்ஏபிடி தானாவே 20க்கு இறங்கியிடும். எங்கட வளவைச் சுத்தி பனையும் வேலியும்தானே, அடுத்த வீட்டுச் சிக்னல் வாறதேயில்லை. லப்டொப்பில இப்ப 300 காட்டுது. பிள்ளையளின்ர போனுகள் 72இல நிக்குது, அதுகளுக்கு அவ்வளவுதான் ஏலும்.

கடவுச்சொல் என்ர போன் நம்பராத்தான் இருந்தது. 07க்குப் பிறகு எட்டு இலக்கம், மொத்தம் பத்துக் கோடி. போன் ஒண்டு இணையிற நேரத்துச் சிக்னலைப் பிடிச்சு வைச்சா, நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு வீட்டில இருந்தபடியே ஒரு மணித்தியாலத்துக்குள்ள எல்லாத்தையும் போட்டுப் பாத்துடும். இப்ப தொடர்பில்லாத அஞ்சு சொல்லைச் சேத்து வைச்சிருக்கிறன். அதுக்கடுத்த டபிள்யூபிஏ3 முறையை மட்டும் போட்டா அப்பிடி வெளியில வைச்சு ஊகிக்கேலாது, ஆனா மூண்டு பிள்ளையளின்ர பழைய போன் ஏறாமல் விட்டிட்டுது. அதுகளை வெளியில விட எனக்கு மனமில்லை. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ரெண்டையும் கலந்து விட்டிருக்கிறன். பிள்ளையளுக்கு வேற பேரில ஒரு நெற்வேர்க், அதில ஒரு போனுக்கு மற்றது தெரியாது.

நீ சித்திரைக்கு வரேக்க 5 கிகாஹேர்ட்ஸ் கார்ட் ஒண்டு கொண்டுவா. காசு நான் தருவன். வாங்கமுதல் லினக்ஸில, கார்ட்டால என்ன ஏலும் எண்டு காட்டிற 'ஐடபிள்யூ லிஸ்ட்' கட்டளையைப் போட்டுப் பார். 'ஏபி' எண்டு, அதாவது வைஃபை நிலையமா ஓடும் எண்டு, இருக்கவேணும். 36ஆம் சனலுக்குப் பக்கத்தில 'நோ ஐஆர்' எண்டு கிடந்தா, அந்தச் சனலில தானாச் சிக்னல் விடேலாது எண்டு கருத்து, அந்தக் கார்ட் வேண்டாம்.

அன்புடன்,
உன்ர மச்சான்