கார்டை லாக்கர்ல பூட்டாதீங்க, டீ பாக்கெட்ல போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல ஹாக்கி கார்டு, அதாவது வீரர் படமும் விவரமும் அச்சடிச்ச அட்டை, சேர்க்கிறதை பத்தி வந்த கட்டுரையை படிச்சேன். தங்கம், நிலம், ஷேர் வரிசையில இதுவும் ஒரு முதலீடுங்கிற மாதிரி எழுதியிருந்தாங்க, ஒரு அட்டை 27 கோடிக்கு போச்சுன்னு கொட்டை எழுத்துல தலைப்பு வேற. அதுல இருந்து வெலிங்டன் பஜார்ல டீக்கடைக்கு போனா இதே பேச்சுதான், என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வர்ற பசங்க கூட "அண்ணா, உங்ககிட்ட இருக்குறது எவ்ளோ போகும்"னுதான் ஆரம்பிக்கிறாங்க. ஆடுறவன் யாரு, எந்த டீம், எந்த இடத்துல ஆடுறான்னு ஒருத்தன் கேக்கல சார். நானும் கார்டு சேர்க்கிறவன்தான், மச்சான் கனடாவுல ஸ்கார்பரோ பக்கம் இருக்காரு, ஊருக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டுக்கு பதிலா இதைத்தான் எனக்கு எடுத்துட்டு வருவாரு, அந்த உரிமையில இதை எழுதுறேன்.

முதல்ல அந்த 27 கோடி. அது கனடாவோட ஐஸ் ஹாக்கி ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கியோட ரூக்கி கார்டு, அதாவது அவர் ஆட வந்த புதுசுல வந்த முதல் கார்டு, 1979-80 சீசன்ல கனடாவுல ஓ-பீ-சீ கம்பெனி போட்டது, 2021-ல 37.5 லட்சம் டாலருக்கு கை மாறுச்சு, அது உண்மை. (அங்க ஹாக்கின்னா பனி மேல ஸ்கேட் கட்டிட்டு ஆடுறது, நம்ம ஆட்டம் வேற, தெரியாதவங்களுக்காக சொல்றேன்.) ஆனா கட்டுரையில விட்டுப்போன விஷயம் என்னன்னா, அந்த கார்டு லிமிடெட் எடிஷனே இல்ல. பபுள்கம்மோட சில்லறை காசுக்கு பெட்டிக்கடையில வித்தது. பசங்க பாக்கெட்ல திணிச்சாங்க, ரப்பர் பேண்டு போட்டு கட்டுனாங்க, சைக்கிள் கம்பியில சொருகி டரடரன்னு சத்தம் வர வெச்சாங்க. போதாக்குறைக்கு அந்த கார்டுக்கு நீல பார்டர், ஓரம் லேசா உரிஞ்சாலும் வெள்ளை தெரிஞ்சிடும், அந்த கம்பெனி ஷீட்டை கம்பியில வெட்டுனதால ஓரமும் பிசிறு பிசிறா இருக்கும். அதனாலதான் பிஎஸ்ஏங்கிற கிரேடிங் கம்பெனியில 10-க்கு 10 வாங்குன காப்பி ரெண்டே ரெண்டுதான்னு சொல்றாங்க. ஊர்ல இருக்குற பையன் எல்லாம் தொட்டு விளையாடித் தேஞ்சதுல தப்பிச்சதுக்குத்தான் சார் அந்த விலை!

இப்ப வர்ற லிமிடெட் எடிஷன் கதையே வேற. 1990 வாக்குல கம்பெனிங்க போட்டி போட்டு கார்டை மழையா கொட்டுனாங்க, அந்த வருஷத்து பெட்டிங்க இன்னும் பிரிக்காமலே அங்க பரண் மேல கிடக்கு, சீந்துறதுக்கு ஆள் இல்ல. அதுல சூடு பட்டுட்டு, சரி நாமளே அரிதா ஆக்கிடுவோம்னு இறங்குனாங்க. ஒரே போட்டோ, பார்டர் மட்டும் சிவப்பு, நீலம், தங்கம்னு மாறும், ஒவ்வொண்ணுலயும் சீரியல் நம்பர் அடிச்சிருக்கும், 99-ல ஒண்ணு, 25-ல ஒண்ணு, கடைசியா உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணே ஒண்ணும் பத்தலைன்னு, அச்சடிச்ச தகடையே எடுத்து, நாலு கலருக்கு நாலு தகடு, நாலும் தனித்தனியா "ஒண்ணே ஒண்ணு"ன்னு பாக்கெட்ல போட்டு விக்கிறாங்க. இந்த வியாபார மூளைக்கு கும்பிடு போடலாம். சீரியல் நம்பரும் வீரரோட ஜெர்சி நம்பரும் ஒண்ணா இருந்தா இன்னும் விலை, 87-ம் நம்பர் ஜெர்சி போடுற சிட்னி கிராஸ்பி கார்டுன்னா 87-வது காப்பிக்கு அடிதடியே நடக்கும்.

அடுத்து ஜெர்சி கார்டு. வீரர் போட்ட சட்டையை துண்டு துண்டா வெட்டி, அட்டைக்கு நடுவுல சின்ன ஜன்னல் மாதிரி ஓட்டை போட்டு ஒட்டி வெப்பாங்க. கையில எடுத்து பார்த்தா, சத்தியமா சொல்றேன், ஆசையாத்தான் இருக்கும், தையல் நூல் கூட தெரியும், ரெண்டு கலர் சேர்ற இடத்து துண்டுன்னா விலை ஏறும். திருப்பி பொடி எழுத்தை படிச்சாதான் விஷயம் தெரியும், சில கார்டுல இந்த துணி எந்த குறிப்பிட்ட மேட்ச்லயும் போட்டது கிடையாதுன்னு அவங்களே போட்டிருப்பாங்க. இதுக்காக 2000-களில் ஜார்ஜ் வெசினாவோட கோல்கீப்பர் பேடையே வெட்டுனாங்க. அவர் 1926-ல செத்துப்போன மனுஷன், இன்னைக்கும் அங்க சிறந்த கோலிக்கு அவர் பேர்லதான் கோப்பை கொடுக்குறாங்க, அப்பேர்ப்பட்டவர் பேடு மியூசியத்துல இருக்க வேண்டியது கார்டு கார்டா போயிடுச்சு. இதை கலெக்‌ஷன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

பாக்ஸ் பிரேக் பத்தியும் கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. ஒருத்தர் கேமரா முன்னாடி உக்காந்து விலை கூடுன பெட்டியை பிரிப்பாரு, பாக்குறவங்க முன்னாடியே காசு கட்டி ஆளுக்கொரு டீமை எடுத்திருப்பாங்க, அந்த டீம் கார்டு வந்தா அவங்களுக்கு, வரலைன்னா போச்சு. ஆன்லைன் ரம்மிக்கு இது பங்காளி முறை. எங்க பக்கத்து காலேஜ் பசங்க நைட்டு முழிச்சிருந்து இதை பாக்குறாங்க, அவங்களுக்கு ஐஸ் ஹாக்கில ஒரு டீமுக்கு எத்தனை பேருன்னு கூட தெரியாது.

முதலீடுன்னு சொல்ற ஆசாமிங்க ஆடி மாசம் ஒரு தடவை குன்னூர், ஊட்டி பக்கம் வந்து பார்க்கணும். இங்க சாரலும் மூட்டமும் புடிச்சிக்கிச்சுன்னா பீரோக்குள்ள வெச்ச பட்டுப்புடவையே பூசணம் பூக்குது, அட்டை எம்மாத்திரம்? பளபளன்னு ஃபாயில் ஒட்டுன கார்டுதான் முதல்ல போகும், பின்பக்க அட்டை ஈரத்தை இழுக்கும், முன்பக்க ஃபாயில் இழுக்காது, அதனால கார்டு அப்பளம் மாதிரி வளைஞ்சிடும். வளைஞ்ச கார்டை சும்மா புத்தகத்துக்கு அடியில வெச்சா நேராகாது, காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வெச்சா கொஞ்ச நாள்ல ஓரளவு நிமிரும், மருந்து டப்பாவுல, ஷூ டப்பாவுல வர்ற பொட்டலத்தை தூக்கி போடாதீங்க. பிவிசி உறையும் ஆகாது, நாளாக நாளாக எண்ணெய் விட்ட மாதிரி கார்டுல ஒட்டிக்கும், பாலிப்ரோப்பிலின் ஸ்லீவ், அதுக்கு மேல டாப்லோடர்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் உறை, அதுதான் வழி. பிளாஸ்டிக்குக்கு செக்போஸ்ட் போட்டு சோதனை பண்ற மாவட்டத்துல உக்காந்துகிட்டு உறைக்கு மேல உறை போடுற என்னை என் வீட்டம்மா கிண்டல் பண்றது தனி கதை.

சரி, இவ்ளோ சொல்லிட்டு நான் ஏன் சேர்க்கிறேன்? கார்டோட பின்பக்கத்துக்காகத்தான். எங்க பொறந்தான், எவ்ளோ உயரம், இடது கையா வலது கையா, போன வருஷம் எத்தனை கோல்னு அந்த அஞ்சாறு வரியில ஒரு ஆளையே அடக்கிடுவாங்க. ஸ்கார்பரோல என் மச்சான் பையன் பத்து வயசுல முந்நூறு வீரர் பேரை மூச்சு விடாம சொல்லுவான், எல்லாம் கார்டுல படிச்சது.

இங்க எங்க ஊர்ல காலையில ஹாக்கி ஸ்டிக்கை தோள்ல போட்டுட்டு கிரவுண்டுக்கு போற பையனை கூப்பிட்டு, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ல தங்கம் வாங்குன இந்திய டீமுக்கு கேப்டன் யாருன்னு கேளுங்க. வாசுதேவன் பாஸ்கரன், நம்ம தமிழ்நாட்டுக்காரர், ஃபைனல்ல ஸ்பெயினை 4-3-னு ஜெயிச்சாங்க. பாதி பேருக்கு தெரியாது, பசங்களை குறை சொல்லி என்ன ஆகப்போகுது, அவங்க கையில யாரு என்ன கொடுத்தாங்க? தியான்சந்துக்கு 1980-ல தபால் தலை போட்டாங்க, 35 பைசா, அது என்கிட்ட இருக்கு. அரியலூர்ல இருந்து கிளம்பி இந்தியா டீம் வரைக்கும் போன கார்த்தி செல்வத்துக்கு ஒரு கார்டு இருந்தா நான் எனக்கு ஒண்ணு, கடைக்கு வர்ற பசங்களுக்கு ஒரு கட்டுன்னு வாங்கி வெச்சிருப்பேன், தேடுன வரைக்கும் கண்ணுல படல.

2023 ஆகஸ்ட்ல சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்துச்சே, ஃபைனல்ல மலேசியாகிட்ட 1-3-னு பின்தங்கி இருந்துட்டு 4-3-னு ஜெயிச்சோமே, அந்த போட்டிக்கு சின்னம் எது? பொம்மன் யானை. நம்ம முதுமலை தெப்பக்காட்டு யானைப்பாகர் பொம்மன் பேர்ல வெச்சது. நீலகிரி பேர் ஹாக்கியில இவ்ளோ பெருசா வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல, அந்த யானை படம் போட்ட ஒரு அட்டை எங்க ஊர் ஸ்கூல் பையன் ஒருத்தன் கையில கூட நான் பார்க்கல. 2025 கடைசியில ஜூனியர் உலகக்கோப்பை சென்னையிலயும் மதுரையிலயும் நடந்துச்சு, அப்பவும் பேனர், கட் அவுட், செல்ஃபி பாயிண்ட் எல்லாம் இருந்துச்சு, மேட்ச் முடிஞ்சதும் கழட்டி எடுத்துட்டு போயிட்டாங்க.

அதனால என் கோரிக்கை இதுதான், உங்க பேப்பர் மூலமா விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், நம்ம டீ கூட்டுறவு அமைப்பான இண்ட்கோசர்வுக்கும் சேர்த்து வெக்கிறேன். ரேஷன் கடையில விக்கிற ஊட்டி டீ பாக்கெட்ல ஆளுக்கொரு ஹாக்கி கார்டு போடுங்க. சிரிக்காதீங்க. பிரிட்டன்ல ப்ரூக் பாண்ட் டீ பாக்கெட்ல 1954-ல இருந்து பல வருஷம் படக்கார்டு போட்டாங்க, பறவை, பூ, மிருகம்னு ஒரு தலைமுறையே அதுல படிச்சு வளர்ந்துச்சு, கனடாவுலயும் ரெட் ரோஸ் டீயில வந்துச்சு. இப்பவும் கனடாவுல டிம் ஹார்ட்டன்ஸ் காபி கடையில 2015-ல இருந்து சீசன் ஆரம்பிச்சா காபி வாங்குறவங்களுக்கு கொஞ்சம் காசுல ஹாக்கி கார்டு பாக்கெட் தர்றாங்க, மச்சான் வீட்ல கிழவி முதக்கொண்டு அதுக்காகவே காபி குடிக்குதாம். ஆயிரம் டாலர் பெட்டி பிரிக்கிற அதே நாட்டுலதான் இதுவும் நடக்குது.

பசுந்தேயிலைக்கு கிலோவுக்கு கட்டுப்படியாகுற விலை கேட்டு விவசாயிங்க போராடுற மலையில இவன் கார்டு கேக்குறான் பாருன்னு சில பேர் திட்டுவாங்க, நியாயம்தான். ஆனா கடையில நாலு கம்பெனி டீ வரிசையா இருக்கும்போது வீட்ல குழந்தை "அந்த கார்டு டீ வாங்கும்மா"ன்னு அடம் புடிச்சா அது நம்ம இலைக்கும் நல்லதுதானே. அட்டை உள்பைக்கும் வெளிப்பைக்கும் நடுவுல இருக்கட்டும், மை வாசனை டீத்தூள்ல ஏறக்கூடாது.

பின்பக்கத்துல தமிழ்ல எழுதுங்க, சொந்த ஊர், படிச்ச ஸ்கூல், எந்த கிரவுண்டுல முதல்ல ஸ்டிக் புடிச்சாரு, எந்த மேட்ச்ல என்ன பண்ணாரு. டிராக் ஃப்ளிக்னா என்னன்னு ஒரு கார்டுல படம் போட்டு விளக்கலாம். கோவில்பட்டிக்கே தனியா ஒரு செட் போடலாம், அந்த ஊர் தந்த ஆட்டக்காரங்க அவ்ளோ பேரு. ஃபாயில் வேண்டாம், மேல சொன்ன காரணத்துக்காக. சீரியல் நம்பரும் வேண்டாம், எத்தனை டீ பாக்கெட்டோ அத்தனை கார்டு. ஏதாவது ஸ்பெஷலா வெச்சாதான் ஆகும்னா நூத்துல ஒரு கார்டுல வீரரே பேனாவால கையெழுத்து போடட்டும், ஸ்டிக்கர்ல கையெழுத்து வாங்கி ஒட்டுறது, "இந்த சீட்டை அனுப்புங்க, கையெழுத்து கார்டு பின்னால வரும்"னு வருஷக்கணக்கா இழுக்குறது, அந்த வெளிநாட்டு வேலையெல்லாம் இங்க வர வேண்டாம். நம்ம இந்தியா கோல்கீப்பர் ஸ்ரீஜேஷோட 16-ம் நம்பர் ஜெர்சிக்கு 2024 பாரிஸ் வெண்கலத்தோட ஓய்வு கொடுத்துட்டாங்க, தயவு செஞ்சு அதை எவனும் துண்டு போட்டு அட்டையில ஒட்டிடாதீங்க.

அதுவரைக்கும் உங்களால முடிஞ்சது ஒண்ணு இருக்கு சார், ஞாயிறு இணைப்புல வாரம் ஒரு வீரர்னு கார்டு சைஸ்ல, கத்தரிச்சு அட்டையில ஒட்டுற மாதிரி போடுங்க, பின்பக்கம் விளம்பரம் வராம பார்த்துக்கோங்க. லேமினேஷனுக்கு என் கடைக்கு வந்தா பசங்களுக்கு பாதி விலை.

கடிதத்தை போட்டா ஊர் பேர் மட்டும் போடுங்க, போன் நம்பர் வேண்டாம். போன தடவை ரோடு பிரச்சனைக்கு எழுதுன கடிதத்துல நம்பர் வந்துருச்சு, இன்னும் ஜல்லி வேணுமான்னு போன் பண்றாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெலிங்டன், குன்னூர்.