ஆடியில் பூட்டிக்கிடக்கும் கூடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 27 உலக நாடக தினத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டி.வி.யும் செல்போனும் வந்தபிறகு நாடகம் பார்க்க ஆள் வருவதில்லை, சின்ன ஊர்களில் குழுக்கள் கலைந்துபோனதற்கு அதுதான் காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். திருச்சி பொன்மலையில் நாற்பது வருடமாக ஒரு சிறு நாடகக் குழுவை நடத்திவருகிறேன். அந்த உரிமையில் இதை மறுத்து எழுதுகிறேன். எங்கள் நாடகத்துக்கு ஆள் வருகிறார்கள். போன டிசம்பரில் காலனித் திடலில் போட்ட நாடகத்துக்கு 210 பேர் வந்தார்கள். வாடகை நாற்காலி போதாமல் டீக்கடை பெஞ்சைத் தூக்கிவந்து போட்டோம். கடைசியில் துண்டு ஏந்தியபோது 9,640 ரூபாய் சேர்ந்தது. பிறகு ஏன் குழுக்கள் கலைகின்றன? ஒத்திகை பார்க்க இடம் கிடைக்காமல் கலைகின்றன. இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

1928-ல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது கூடவே வந்தவர் என் தாத்தா. அப்பாவும் அதே பணிமனைதான். நான் 1979-ல் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து ஃபிட்டராகி 2019-ல் ஓய்வு பெற்றேன். 1984-ல் பணிமனையின் ஒரே பிரிவில் வேலை பார்த்த ஏழு பேர் சேர்ந்து குழுவைத் தொடங்கினோம். இன்றைக்கு 14 பேர். ஆட்டோ ஓட்டுகிற தம்பி, தபால்காரர் ஒருவர், தையல் கடை வைத்திருக்கிற அக்கா, கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் என்று கலவையாக இருக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. இதுவரை 23 நாடகங்கள் போட்டிருக்கிறோம், அத்தனையும் எங்களுக்குள்ளேயே எழுதியவை.

"மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய ஆடுகிறார்களே, உங்களுக்கு மட்டும் எதற்கு நாற்பது நாள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்பெஷல் நாடகத்தில் கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகியான ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். அன்றைக்கு மேடையில்தான் முதல் முறையாக முகம் பார்ப்பதும் உண்டு. ஆனாலும் வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம் பிசகாமல் போகும். ஏனென்றால் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக்கொடுத்த பாடம் அத்தனை பேருக்கும் பொது. சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவர்கள் நெஞ்சில் ஊறியிருக்கிறது. அதற்கும் முன்னால் பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் பிள்ளைகள் ஒரே வீட்டில் தங்கி, காலையும் மாலையும் பாடம் படித்தார்கள். சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படிப்பட்டதுதான். அந்தக் கலைஞர்களை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. அவர்களுக்கு நாடகமே முழுநேர வாழ்க்கை.

எங்கள் வழி வேறு. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபாவின் வழி அது. வேறு தொழில் உள்ளவர்கள் ஆசைக்காகச் சேர்ந்து ஆடியது. அவரே வக்கீலாக இருந்து பின்னாளில் நீதிபதி ஆனவர். பகலில் பிழைப்பு, சாயங்காலம் ஒத்திகை. கதை புதிது, வசனம் புதிது, நடிப்பவர் முன்பின் மேடை ஏறாதவர். ஒண்ணே முக்கால் மணி நேர நாடகத்துக்கு நாங்கள் 45 நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்க்கிறோம். முதல் பத்து நாள் உட்கார்ந்து வாசிப்பு. அப்புறம்தான் எழுந்து நின்று நடப்பது, திரும்புவது, எவர் எங்கே நிற்பது என்று பிடிபடும். கையிலிருந்து தாள் கீழே போவதற்கு இருபத்தைந்து நாள் ஆகும். ஆக ஒரு நாடகத்துக்கு 90 மணி நேரம் எங்களுக்கு நான்கு சுவர் வேண்டும்.

1986 முதல் 2014 வரை அந்த நான்கு சுவர் இருந்தது. எங்கள் பகுதியில் ஒரு பள்ளி, மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை தன் பெரிய வகுப்பறையைக் கொடுத்தது. வாடகை கிடையாது. பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் சாக்பீஸால் 24 அடிக்கு 18 அடி கோடு போடுவோம். அது எங்கள் மேடை. முடிந்ததும் கோட்டை அழித்து, பெருக்கி, பெஞ்சைப் பழையபடி போட்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். 28 வருடத்தில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. பிறகு பள்ளியில் கம்ப்யூட்டர்கள் வந்தன, நிர்வாகம் மாறியது, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பொருளுக்கு அவர்கள் பயப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த அறை போனதும் முதலில் எங்களை விட்டுப் போனவர்கள் பெண்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்களைப் போன்ற குழுக்கள் நடிகைக்குப் பணம் பேசி வெளியூரிலிருந்து அழைத்து வருவதுதான் வழக்கம். ஒரே ஒரு ஒத்திகைக்கு வருவார், நேரே மேடை ஏறுவார். 1990-களில்தான் எங்கள் காலனிப் பெண்களே நடிக்க முன்வந்தார்கள். காரணம் அந்தப் பள்ளி. விளக்கு எரிகிற, தெருவில் போகிற எல்லாருக்கும் ஜன்னல் வழியாகத் தெரிகிற ஓர் இடம் என்பதால் வீட்டில் நம்பி அனுப்பினார்கள். நர்சிங் படித்த ஒரு பெண்ணை அனுப்பச் சம்மதித்த அவர் அப்பா, தானும் கூடவே வருவேன் என்றார். "தாராளமா வாங்கண்ணே" என்றேன். தினமும் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். இருபதாவது நாள் மகளுக்கு ஒரு வரி மறந்துபோனது. பின்னாலிருந்து அவர் அந்த வரியை எடுத்துக்கொடுத்தார். நாடகம் முழுக்க அவருக்குப் பாடமாகியிருந்தது. அதற்குப் பிறகு பதினொரு நாடகங்களுக்கு அவர்தான் எங்கள் பிராம்ப்டர். படுதாவுக்குப் பின்னால் சின்ன டார்ச் வைத்துக்கொண்டு அவர் நிற்கிறார் என்றால் மேடையில் இருப்பவனுக்குப் பாதி பயம் போய்விடும். மகள் கல்யாணமாகிப் போன பிறகும் அவர் வந்தார்.

2014-க்குப் பிறகு என் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை. இருட்டுப் படிக்கட்டு ஏறி ஆண்கள் நிறைந்த மாடிக்கு எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? ஆறு பெண்கள் இருந்த குழுவில் ஒருவர்தான் மிஞ்சினார், தையல் கடை அக்கா. அவரும் என் மனைவி வீட்டில் இருக்கிற நாட்களில் மட்டும் வருவார்.

மாடியில் வேறு சிரமமும் உண்டு. தண்ணீர்த் தொட்டி போக 14 அடிதான் இடம். ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு பழகியவர்களை 24 அடி மேடையில் விட்டால் எல்லாரும் நடுவில் கும்பலாக நிற்பார்கள், இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும். குரல் அதைவிட மோசம். மகன் இறந்த செய்தி கேட்டு ஓர் அப்பா அலறுகிற காட்சி. முதல் நாள் ஒத்திகையில் அந்த அலறலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். அவர் இதய நோயாளி. எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காட்சியை முணுமுணுத்தே ஒத்திகை பார்த்தோம். நாற்பது நாள் முணுமுணுத்த வாய் மேடையில் எப்படித் திறக்கும்? அந்த அலறல் ஐந்தாவது வரிசையைத் தாண்டவில்லை. நடித்த தம்பி மேக்கப்பைக் கலைக்காமல் சைடு விங்கிலேயே உட்கார்ந்து அழுதான். தப்பு அவனுடையது இல்லை.

வாடகைக்கு எடுக்கலாமே என்பீர்கள். மேடையேற்றத்துக்கு ஒரு நாள் மண்டபம் எடுக்கவே 18,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,240. ஐந்நூறு ரூபாய் வரையுள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்ற சலுகை இருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் பதிவு பெறாத சிறு குழு வாடகையில் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. நூறு ரூபாய் டிக்கெட் 210 விற்றாலும் மண்டபத்துக்கே பற்றாது. லைட்டு, மைக், டோப்பா, பெட்ரோல் எல்லாம் எங்கள் கைக்காசு. இதில் 45 நாள் ஒத்திகைக்கு வாடகை என்பது நினைத்துப் பார்க்கக்கூட முடியாதது.

முன்பெல்லாம் எங்களுக்குக் கஷ்டம் வேறு ரூபத்தில் இருந்தது. நாடகப் பிரதியைக் கொடுத்து, அனுமதி வருமா என்று காத்திருந்த நாட்கள் உண்டு. பரீக்‌ஷா ஞாநி என்ற நாடகக்காரர் தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் 1954-ஆம் வருட நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. தீர்ப்புச் செய்தி வந்த உங்கள் பேப்பரை வெட்டி வைத்திருக்கிறேன். என்ன பேசலாம் என்பதற்கு வழி பிறந்தது. பேசிப் பழக இடம் அடுத்த வருடமே போய்விட்டது.

இனி என் கோரிக்கை. ஊருக்கு ஊர், வார்டுக்கு வார்டு பொதுப் பணத்தில் கட்டிய சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. முகூர்த்த நாளில் அங்கே கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு. மற்ற நாட்களில் பூட்டு. ஆடி மாதம் முழுக்கப் பூட்டு, மார்கழி முழுக்கப் பூட்டு. நான் சைக்கிளில் போய்வருகிற தூரத்தில் மூன்று கூடங்கள் இருக்கின்றன. போன ஆடி முழுக்கத் தினமும் சாயங்காலம் அந்த வழியாகப் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் ரத்ததான முகாம், இரண்டு நாள் கூட்டம், அவ்வளவுதான் திறந்திருந்தது. ஆடி, மார்கழி இரண்டு மாதத்தையாவது எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஆடியில் பழகினால் ஆவணியில் நாடகம். மார்கழியில் பழகினால் பொங்கலுக்கு மேடை. பொங்கலுக்கு நாடகம் போடுவது நம் கிராமங்களில் புதிய வழக்கமும் அல்ல.

இலவசம் கேட்கவில்லை. மாலை இரண்டு மணி நேரத்துக்கு 100 ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும். முன்பணம் வாங்கட்டும். பல்பு நாங்களே கொண்டுவருகிறோம். நாங்கள் மட்டுமல்ல, சிலம்பம் பழகுகிறவர்கள், பறை கற்கிற பிள்ளைகள், கும்மி, கோலாட்டம் ஆடுகிற பெண்கள் குழு என்று இடம் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர். மகாராஷ்டிரத்தில் அமெச்சூர் குழுக்களுக்கென்றே மாநில அரசு பல பத்தாண்டுகளாக நாடகப் போட்டி நடத்துகிறது. நம் மாநிலத்தில் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டாம், ஒரு கதவைத் திறந்தால் போதும்.

போன வருடம் ஒரு கூடத்துக்கு விண்ணப்பம் வாங்கிப் பார்த்தேன். நிகழ்ச்சியின் வகை என்ற இடத்தில் திருமணம், நிச்சயதார்த்தம், காதணி விழா, பிறந்தநாள், இரங்கல் கூட்டம் என்று அச்சிட்டிருந்தது. வாடகை முழு நாளுக்கு, அல்லது அரை நாளுக்கு. கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, இதுல ஒத்திகைன்னு ஒரு வரி இல்லையே, நான் எதுல டிக் பண்றது?" என்றார். அந்த விண்ணப்பத்தில் 'ஒத்திகை, மாலை 2 மணி நேரம்' என்று ஒரு வரி சேர்க்க உத்தரவிட வேண்டியவர்கள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், தயவுசெய்து ஆடிக்கு முன் சேருங்கள். எங்கள் 24-வது நாடகம் எழுதி முடித்தாகிவிட்டது. அதில் நான்கு பெண் பாத்திரங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே பணிமனை ஊழியர்,
பொன்மலை, திருச்சி.