எதிர்த்தரப்பாருக்குக் கூலி கொடுங்கள்

எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிச அமைப்புகளின் நிதிக்குழுவினருக்கு,

வணக்கம். எந்த நன்கொடை அதிகப் பயன் தரும் என்று சான்றுகளைக் கொண்டு தேடும் இயக்கம் உங்களுடையது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடதுசாரிகள் அல்லது மைய இடதுசாரிகள் என்று உங்கள் கருத்துக்கணிப்புகளே சொல்கின்றன. அது குற்றமில்லை. எந்த முடிவை எவ்வளவு கடுமையாகச் சோதிக்கிறீர்கள் என்பதில்தான் சாய்வு தெரிகிறது.

கென்யாவில் குடற்புழு மாத்திரை பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்ததாக ஓர் ஆய்வு சொன்னது. தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் கிவ்வெல் அதை அப்படியே ஏற்கவில்லை. அந்த விளைவில் சுமார் 13 சதவீதத்தை மட்டும் கணக்கில் சேர்த்தது. அந்தக் கணக்கு அட்டவணையை யாரும் திறந்து பார்க்கலாம்.

சிறைவாசத்தைக் குறைக்கக் கோரும், இடதுசாரிகள் பெரிதும் ஆதரிக்கும் அமெரிக்கக் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கு, மானியம் வழங்கும் அமைப்பான ஓப்பன் ஃபிலான்த்ரபி 2013 முதல் 2021 வரை சுமார் 20 கோடி டாலர் கொடுத்தது. அந்த மானியங்கள் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு விரிவான அட்டவணை வெளிவந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. அந்த அமைப்பின் ஆய்வாளராக இருந்த டேவிட் ரூட்மேனின் 2017 மறுஆய்வு மதிக்கத்தக்க விதிவிலக்கு: எட்டு ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டார், கூடுதல் சிறைவாசம் குற்றத்தைக் குறைப்பதில்லை என்று முடிவுகட்டிய பிறகும், எதிர்த்தரப்பு சொல்வதே சரியென்றால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டார். அதற்குள் பணம் போகத் தொடங்கிவிட்டது. 2021இல் அந்தத் துறையிலிருந்து அமைப்பு விலகியது. ஏழை நாடுகளில் அதே பணம் கூடுதல் பயன் தரும் என்பது அது சொன்ன காரணம். இந்த ஒப்பீட்டைத் தொடக்கத்திலேயே செய்ய முடியாதா?

மானியக் கோப்பின் முதல் பக்கத்தில், எந்த எண் எந்தத் தேதிக்குள் வராவிட்டால் பணம் நிற்கும் என்று எழுதுங்கள். தரவு வேறு, மதிப்பீடு வேறு. ஓர் ஆண்டுச் சிறைவாசம் தவிர்ப்பது எத்தனை ஆண்டு நல்வாழ்வுக்குச் சமம் என்பதைத் தனிக் கட்டத்தில் போட்டு, முடிவைப் பார்க்கும் முன்பே பூட்டிவிடுங்கள். விடை குறைவாக வந்தால் கை முதலில் போவது அந்தக் கட்டத்துக்குத்தான்.

ஒரே ஆய்வை இரு பிரதிகளாக்குங்கள்: முறை அதுவே, முடிவு மட்டும் தலைகீழ். வெவ்வேறு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்து, ஆய்வுமுறைக்கு மட்டும் மதிப்பெண் கேளுங்கள். ஒரு பிரதிக்கு மட்டும் தொடர்ந்து குறைவாக விழுந்தால், மதிப்பெண் ஆய்வுமுறைக்குப் போகவில்லை.

மறுப்பெழுதக் குழுவுக்குள்ளேயே ஒருவரை அமர்த்தாதீர்கள். மதிய உணவுக்கு அதே மேசைக்கு வரவேண்டியவர் மென்மையாகத்தான் எழுதுவார். அந்த எதிர்க்கருத்தை உண்மையாகவே நம்பும் வெளியாளைக் கூலி கொடுத்து அழையுங்கள், பணம் ஒதுக்கும் முன்பே. வலதுசாரிகளுக்கு இடஒதுக்கீடு கேட்கவில்லை. அவர்களும் தங்களுக்குப் பிடித்த ஆய்வைத் தடவிக்கொடுப்பவர்களே.

அடுத்த சுற்று மானியங்களில் ஒன்றுக்கேனும் மறுப்புரையையும் பூட்டிய அட்டவணையையும் முடிவோடு சேர்த்து வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
மானிய மதிப்பீட்டுப் பணியில் உள்ள சிலர்