நூல் விலை ஏறினால் காலம், லேபர் வராவிட்டால் சோம்பலா?

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கு,

வணக்கமுங்க. உங்களில் ஒருவரை எங்கள் கல்லூரிக்குப் பேச அழைத்திருந்தோம். கைமடிக்கும் உதவியாளாக வந்து, கட்டிங் மாஸ்டராகி, நாலு மெஷின் போட்டுச் சொந்தமாகத் தொடங்கிய கதையைச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும்தான். நடுவில் கம்பெனி நொடித்ததைச் சொன்னபோது நூல் விலை, டாலர், கரண்ட் கட் என்று அடுக்கினார். முடிக்கும்போது, "லேபருக்கு முன்னுக்கு வர்ற எண்ணமே இல்லீங்க, சனிக்கிழமை சம்பளம் வாங்கினா திங்கக்கிழமை வர்றதில்லை" என்றார்.

அங்கேதான் உறுத்தியது. நீங்கள் ஏறினால் உழைப்பு, இறங்கினால் காலம். லேபருக்கு மட்டும் காலமே கிடையாதா?

சமூகவியலில் இது பழைய வழக்கு. மனிதனை நடத்துவது சுற்றியுள்ள கட்டமைப்பா, அவனுடைய சொந்தச் செயலா? சமூகவியலாளர் அந்தோணி கிடன்ஸ் 1984இல் இரண்டையும் பிரிக்க முடியாது என்றார். இலக்கணம் இருப்பதால்தான் பேச முடிகிறது, நாம் பேசுவதால்தான் இலக்கணம் பிழைக்கிறது, அதுபோல. இன்னொரு சமூகவியலாளரான மார்கரெட் ஆர்ச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் எது முந்தியது என்று தெரியாமல் போகும் என்றார். எனக்கு ஆர்ச்சர் பக்கம்தான் சாய்வு. தோட்டத்துக் கிணற்றை நீங்கள் பிறக்கும் முன்பே யாரோ வெட்டிவிட்டார்கள். இறைப்பதா, விற்று மெஷின் வாங்குவதா என்பது வேண்டுமானால் உங்கள் முடிவு. கிணறே இல்லாத வீட்டில் பிறந்தவனுக்கு அந்த யோசனைக்கே இடமில்லை.

உங்கள் ஊரையே ஆராய்ந்து ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உங்களில் பலர் தொழிலாளியாகத் தொடங்கியவர்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. எங்கள் முதலீடு உழைப்புத்தான் என்று நீங்கள் சொன்னதையும் மதித்தே எழுதினார். கூடவே அந்த உழைப்புக்குப் பின்னால் நின்ற சாதி, பங்காளி, சம்பந்தி உறவுகளையும் காட்டினார். நூல் கடன் கேட்டால் ஆளைத் தெரியும் என்று கொடுப்பார்களே, அதுதான்.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். என் அம்மா இருபது வருடம் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தவர். கையில் டிரிம்மரோடு பிசிறு வெட்டி வெட்டிக் கட்டைவிரல் ஓரம் காய்த்துப் போயிருக்கும். ஷிப்மென்ட் என்றால் சனிக்கிழமை இரவு விடிய விடிய வேலை. ஞாயிறு துணி துவைக்க, தண்ணி பிடிக்கச் சரியாகிவிடும். திங்கட்கிழமை சில வாரம் தூங்குவார். சில வாரம் நல்ல சேலை கட்டிக்கொண்டு லைனில் இருந்த நாலைந்து பெண்களோடு கிளம்பிப்போய் வேறு கம்பெனியில் பீஸ் ரேட் கேட்டுவிட்டு வருவார். அப்படி இரண்டு முறை கூட்டமாகவே கம்பெனி மாறினார்கள். கூடக் கிடைத்தது பீசுக்குச் சில பைசாதான். அதற்கு மேல் ஏற அவர்களுக்கு நூல் கடன் கொடுப்பார் இல்லை, ஜாமீன் நிற்க மச்சானும் இல்லை.

நீங்கள் சோம்பல் என்று கணக்கெழுதிய லீவுதானுங்க அது.

அடுத்த முறை பேச வரும்போது அந்த நாலு மெஷினுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள். மாமனார் கொடுத்ததா, சீட்டு எடுத்ததா, தோட்டத்தை அடமானம் வைத்ததா? பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
செக்கிங்காரம்மா மகன், சமூகவியல் ஆசிரியர்