அக்கரையில் விளக்கு போட்டுக் காட்டிய அம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

நாங்கள் ஐந்து பேரும் வீடு வந்து சேர்ந்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. விசாரித்து ஃபோன் செய்த எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல நினைத்தேன், ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். அன்று ராத்திரி கிலா ஆற்றில் திடீரென்று வெள்ளம் வந்து, நாங்கள் விடியும்வரை ஆற்றுக்கு மறுபக்கம் மாட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அதை இன்னொரு தடவை சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. யார் யாரால் திரும்பி வந்தோம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அரிசோனாவில் பீனிக்ஸிலிருந்து டூசான் போகும்போது ஐ-10 சாலையில் கிலா ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவோம் இல்லையா, கீழே எப்போது பார்த்தாலும் வெறும் மணல்தான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் ஆறுன்னு போர்டு வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். அம்பாசமுத்திரத்துக்காரி, தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவள், கேட்கத்தானே செய்வாள். அந்த ஆறு பிறக்கும் இடத்தையே காட்டுகிறேன் என்று நியூ மெக்சிகோவில் இருக்கும் கிலா தேசியக் காட்டுக்கு அழைத்துப் போனேன். சில்வர் சிட்டியிலிருந்து 44 மைல்தான், ஆனால் அந்த மலைப்பாதையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக டென்ட் போட்டுக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை, குடிதண்ணீர் இல்லை, ஃபோன் சிக்னல் சுத்தமாக இல்லை. 1924-இல் அமெரிக்காவிலேயே முதல்முதலாக, சாலை போடக் கூடாது என்று சொல்லி அப்படியே விட்டுவைத்த காடு அங்கேதான் இருக்கிறது. பருத்திப்பஞ்சு போல விதை பறக்கவிடும் காட்டன்வுட் மரங்களும் சிக்கமோர் மரங்களும் கரை முழுக்க நின்றன. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நாங்கள் நடந்து அக்கரைக்குப் போய் டென்ட் போட்டோம். அது என் முடிவு.

தண்ணீரின் நிறம் மாறுவதை முதலில் கண்டவள் அம்மாதான். "கருப்பா வருது, ஏறு, ஏறு" என்று பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை. 2022-இல் பிளாக் ஃபயர் என்ற காட்டுத்தீ கிழக்குப் பக்க மலைகளில் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டுப் போயிருக்கிறது. தீ பட்ட மண் தண்ணீரைக் குடிக்காது, எங்கேயோ பெய்த மழை சாம்பலையும் கட்டையையும் வாரிக்கொண்டு அப்படியே இறங்கிவிடும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, ஆற்றைத் தெரியும், அவ்வளவுதான். அம்மா, உனக்குத்தான் முதல் நன்றி.

இப்போது விளக்கு போட்டுக் காட்டிய அந்த அம்மாவைப் பற்றி. பேர் தெரியாது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு பழைய பிக்கப் வண்டி, ஒரு கிழட்டு நாய், தனியாக வந்திருந்தார். சாயங்காலம் ஆற்றைக் கடக்கும்போது எங்களைப் பார்த்துக் கையாட்டினார், நாங்களும் ஆட்டினோம், அதோடு சரி. இருட்டின பிறகு, நடுவில் அந்த ஆறு இரைந்துகொண்டு ஓட, நாங்கள் பாறை மேட்டில் ஒண்டிக்கொண்டு கத்தினோம். ஒரு சத்தமும் அக்கரைக்குப் போகவில்லை. எங்களை யாராவது பார்த்தார்களா என்பதே தெரியவில்லை. எனக்கு மிகப் பெரிய பயம் அதுதான், தண்ணீர்கூட இரண்டாவதுதான்.

அப்போது அக்கரையில் வண்டி விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. என் வீட்டுக்காரர் நெற்றி விளக்கைக் கழற்றி ஆட்டினார். என் பையனுக்குப் பதினோரு வயது, அவன் அதை வாங்கி ஐந்து தடவை போட்டு அணைத்தான், ஐந்து பேரும் இருக்கிறோம் என்று சொல்கிறானாம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அங்கிருந்து ஐந்து தடவை விளக்கு எரிந்து அணைந்தது. நான் அப்போதுதான் அழுதேன்.

அதற்குப் பிறகு விடியும்வரை ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை ஐந்து தடவை விளக்கு. நாங்களும் ஐந்து. என் மகளுக்கு ஆறு வயது, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவள் அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினாள், அழவில்லை. ஆச்சி மடியில் படுத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை வரவேண்டிய விளக்கு வரவில்லை. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. போய்விட்டார், இல்லை தண்ணீர் அங்கேயும் ஏறிவிட்டது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு கொஞ்சம் மேலே, வேறு இடத்திலிருந்து, ஐந்து தடவை வந்தது. காலையில் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் டென்ட் போட்டிருந்த இடத்துக்கே தண்ணீர் வந்துவிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏற்றியவர் அப்படியே ஊர்ப் பக்கம் போயிருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் பாறை தெரிகிற இடமாகத் தேடி, இருட்டில் வண்டியை முன்னும் பின்னும் திருப்பி நிறுத்தியிருக்கிறார்.

விளக்கை ஒரேயடியாக எரிய விட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் அவரிடம் கேட்டார். எரிந்துகொண்டே இருந்தால் யாரோ மறந்துபோய் விட்ட விளக்கு என்று நினைப்பீர்கள், அணைத்து அணைத்துப் போட்டால்தானே இங்கே ஒரு ஆள் விழித்திருப்பது தெரியும் என்றார். இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் அவர் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ராத்திரியே வளைவு வளைவான அந்தப் பாதையில் வண்டி ஓட்டிப் போய், கிலா ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தகவல் சொன்ன இளம் தம்பதிக்கு, எழுந்து வந்து கதவைத் திறந்தவர்களுக்கு, கயிறும் மிதவைச் சட்டையுமாக வந்து தண்ணீர் வடியும்வரை ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது என்று கண்டிப்பாக நிறுத்திவைத்து, பிறகு ஒவ்வொருவராக இந்தக் கரை சேர்த்த மீட்புக் குழுவினருக்கு (சம்பளம் வாங்காமல் தன்னார்வமாகச் செய்கிறவர்கள், பாதிப்பேர் அன்று வேலைக்கு லீவு போட்டிருந்தார்கள்), சில்வர் சிட்டியில் உலர்ந்த துணி கொடுத்தவர்களுக்கு, பீனிக்ஸில் சாவி வாங்கிப் போய் ரசம் வைத்துக் காத்திருந்த தோழிகளுக்கு, எல்லாருக்கும் நன்றி. ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டேனே என்று நினைக்காதீர்கள், வீட்டுக்கு வந்து சொல்வேன்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் மழைக்காலம். நான் தங்கும் இடத்துக்கு மட்டும் வானிலை பார்த்தேன், ஆறு வரும் வழி முழுக்கப் பார்க்கவில்லை. இனி பார்ப்பேன். ஆற்றைத் தாண்டி டென்ட் போட மாட்டேன், எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். அக்கரையில் யாராவது மாட்டிக்கொண்டால் நான் அவர்களை விட்டுப் போக மாட்டேன். என் பையனும் இதையே சொன்னான், நான் சொல்லித்தரவில்லை.

மீட்புக் குழுவுடன் பேசிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த அம்மா கிளம்பிவிட்டார். பேரும் கேட்கவில்லை, நம்பரும் வாங்கவில்லை. அம்மாவுக்கு வெந்நீர் கொடுத்த அவருடைய பச்சை நிற பிளாஸ்க் எங்களிடமே இருக்கிறது, மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். நியூ மெக்சிகோ பக்கம் அடிக்கடி போகிறவர்கள், பழைய பிக்கப்பில் கிழட்டு நாயோடு தனியாக வரும் பெரியவரைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். மழை முடிந்ததும் அக்டோபரில் நாங்கள் அங்கே போகிறோம். பிளாஸ்கைக் கழுவிக் காயவைத்தாயிற்று. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, உள்ளே ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டு வை என்று அம்மா ஊருக்குக் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். போட்டு வைத்திருக்கிறேன்.